ஆறாம் தரத்துப் பிள்ளைக்கு நான் போட்ட பிழை அடையாளம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். எங்கள் பிள்ளைகளைப் பற்றியது என்பதால் பாதியில் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன கிழமை பஸாரில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு பெற்றார் என்னை மறித்தார். மகளின் தவணைப் பரீட்சை ரிப்போட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "டீச்சர், கணிதம், விஞ்ஞானம், இங்கிலீஷ் மூண்டுக்கும் ரியூஷன் போட்டிருக்கேன். இந்தப் புவியியல், குடியுரிமைக் கல்வியெல்லாம் படிச்சி என்ன பிரயோசனம்? பாடமாக்கி எழுதிட்டு மறக்கிறதுதானே?" என்று கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த இடத்தில் சரியான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "பிரயோசனம் இருக்கு நானா, பிறகு சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. நான் படிப்பிக்கும் பாடமே அதுதான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து, நியமனம் கிடைத்து, நான் படிப்பிக்க வந்த முதல் வருடம். ஆறாம் தரத்தில் "எனது ஊர்" பற்றிய பாடம். எல்லோரும் வீட்டு முகவரியைக் கொப்பியில் எழுதுங்கள் என்றேன். பெயர், வீட்டு இலக்கம், வீதி, ஊர் என்ற ஒழுங்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கல்லூரியில் தயாரித்த பாடத்திட்டத்தில் அப்படித்தான் வைத்திருந்தேன்.

பஸார் பக்கத்துப் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை பெயரையும், "மேல் பிரிவு, பத்துக் காம்பரா லயம்" என்பதையும், தோட்டத்தின் பெயரையும் எழுதி, கீழே கினிகத்தேனை என்று போட்டிருந்தது. வீட்டு இலக்கமும் இல்லை, வீதியும் இல்லை. நான் சிவப்புப் பேனையால் பிழை போட்டு, "பூரணமற்றது" என்று எழுதினேன். பிள்ளை என்னிடம் வந்து மெல்லமாகச் சொன்னது: "டீச்சர், எங்க வீட்டுக்கு நம்பர் இல்லீங்க."

"வீட்டில கேட்டு எழுதிட்டு வாங்க" என்றேன். மறுநாளும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. நான் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் பிள்ளையிடம் திரும்ப வருகிறேன். அதற்கு முதல், அந்தப் பெற்றாருக்குச் சொல்லாமல் வந்த பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் புவியியல்.

எங்கள் ஊரில் மழையைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை குடை காய்வதில்லை. பக்கத்தில் இருக்கும் வட்டவளை இலங்கையிலேயே கூடுதலாக மழை பெறும் இடங்களில் ஒன்று. வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. அம்பாந்தோட்டையிலோ மன்னாரிலோ 1000 மில்லிமீற்றர் அளவில்தான் பெய்கிறது. ஒரே சின்னத் தீவுதான், ஆனால் இவ்வளவு வித்தியாசம். ஏன்? தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. கித்துல்கலை தாண்டி ஏறும்போது அதற்கு எதிரே நிற்கும் பெரிய சுவர் எங்கள் மலைதான். மேலே ஏறிய காற்று குளிர்ந்து, சுமந்து வந்ததை இங்கேயே கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் போகும்போது கை வெறுங்கையாகிவிடுகிறது. வெலிமடைப் பக்கம் அதே மாதங்களில் காய்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கும் மேலே ஒரு விசயம் இருக்கிறது. கினிகத்தேனை ஒரு நீர்ப்பிரிமேடு. ஊருக்கு மேற்கே விழும் மழை கித்துல்கலைப் பக்கம் இறங்கிக் களனி கங்கையோடு சேர்ந்து, கொழும்பில் முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. மற்றப் பக்கம் விழும் மழை நாவலப்பிட்டிக்கு இறங்கி மகாவலியோடு போகிறது. கம்பளை, பேராதனை, பொல்கொல்லை கடந்து, 335 கிலோமீற்றர் சுற்றிக் கொட்டியாரக் குடாவில் திருகோணமலைக் கடலைச் சேர்கிறது. கல்லூரியில் என்னோடு ஒரு மூதூர்த் தோழி படித்தாள். "எங்கட ஊர் ஆத்துத் தண்ணி ஒங்கட ஊர்லரிந்தா வருது?" என்று அவள் ஆச்சரியப்பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரே மேகத்திலிருந்து பக்கத்தில் பக்கத்தில் விழும் இரண்டு துளிகளில் ஒன்று கொழும்புக்காரர் குடிக்கும் குழாய் நீராகிறது, மற்றது மூதூருக்குப் போகிறது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சன்னல் பக்கம் ஓடி மழையைப் பார்த்தார்கள். பரீட்சையில் இதற்குப் புள்ளி வருமோ தெரியாது. ஆனால் மேலே நாங்கள் கானில் போடும் பொலித்தீன் பை யாருடைய ஊருக்குப் போய்ச் சேருகிறது என்று அன்றைக்கு அவர்களாகவே கேட்டார்கள்.

அடுத்தது பொருளியல். ஆறாம் தரத்தில் அந்தப் பெயரில் பாடம் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும்.

என் வாப்பா கடை வைத்திருந்தவர். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம், இருபத்தைந்தாம் திகதியளவில் அட்வான்ஸ். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் பகல் சாப்பாடு பின்னேரம் நாலு மணிக்குத்தான். மற்ற நாட்களில் கடன் கொப்பிதான் ஓடும். கொழுந்து நல்லா இருந்தால் கொப்பி மெலியும். பெருமழை பிடித்து வேலைநாள் குறைந்தால் கொப்பி தடிக்கும். மழை, கொழுந்து, சம்பளம், கடை என்று நான்கும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று பொருளியல் புத்தகம் பார்க்க முதலே வாப்பாவின் கொப்பியில் பார்த்துவிட்டேன்.

போன வருடம் எட்டாம் தரப் பிள்ளைகளோடு ஒரு கணக்குப் போட்டோம். தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் 2021இல் 1000 ரூபா ஆனது. 2024இல் 1350 ரூபா ஆனது. 1350 ரூபாப்படி மாதம் இருபது நாள் வேலை என்றால் 27,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, அதாவது 2,160 ரூபா கழியும். மிச்சம் 24,840. "மழை மாதத்தில பதிமூணு நாள்தான் வேலை இருந்தா?" என்று ஒரு பையன் கேட்டான். 17,550. கழிவு அதற்குள்ளும் இருக்கிறது. இன்னொரு பிள்ளை, "கிலோ குறைஞ்சா அரைப் பேர்தான் போடுவாங்க டீச்சர், அதையும் சேருங்க" என்றது. அந்தக் கணக்கில் எனக்குத் தெரியாததை அவர்களே சொல்லித்தந்தார்கள்.

பொருளியலில் 'அருமை' என்று ஒரு சொல் இருக்கிறது. தேவை நிறைய, அதை நிறைவேற்றும் வளம் குறைவு என்பது அதன் கருத்து. 'அமையச் செலவு' என்று இன்னொன்று. ஒன்றைத் தெரிந்தெடுத்ததால் நாங்கள் கைவிட்ட அடுத்த நல்ல விசயம்தான் அதன் விலை. இதை விளங்கப்படுத்த நான் மஸ்கெலியாவைச் சொல்வேன். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. இன்றும் வரட்சியில் நீர் மட்டம் இறங்கினால் பழைய கோயில், பன்சலை, பள்ளிவாசல் எல்லாவற்றின் இடிபாடுகளும் வெளியே தெரியும், ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நாடு மின்சாரத்தைத் தெரிந்தெடுத்தது. அந்த மின்சாரம் எங்கள் எல்லோருக்கும் வேண்டியதுதான். அதற்கான விலையை மஸ்கெலியாவின் பழைய வீதிகள் கொடுத்தன. லக்சபான மின்நிலையம் 1950இலேயே ஓடத் தொடங்கியது. அதே மலையில் எத்தனையோ லயங்களில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. யாருக்குக் கிடைத்தது, யார் கொடுத்தது என்று கேட்கத் தெரிந்தால் போதும். பொருளியலில் பாதி அதுதான்.

மூன்றாவது அரசாங்கம். இதில்தான் எங்கள் ஆட்கள் கூடுதலாகக் குழம்புகிறார்கள், படித்தவர்களும் சேர்த்து.

வீட்டுக்கு முன்னால் கான் அடைத்தால் யாரிடம் போக வேண்டும்? பாதிப் பேர் எம்.பி.யைச் சொல்வார்கள். கான், உள்ளூர்ப் பாதை, குப்பை, சந்தை எல்லாம் பிரதேச சபையின் வேலை. பிரதேச சபை என்பது நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் ஆட்கள் இருக்கும் இடம். பிரதேச செயலகம் வேறு, அது மத்திய அரசாங்கத்தின் அலுவலகம். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, காணி அலுவல், நிவாரணம் எல்லாவற்றுக்கும் அங்கே போக வேண்டும். அதற்குக் கீழே கிராம உத்தியோகத்தர். பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ். ஆனால் எங்கள் மத்திய மாகாண சபையின் கடைசித் தேர்தல் 2013இல் நடந்தது. 2018இல் காலம் முடிந்த பிறகு ஆளுநரின் கையில்தான் நிர்வாகம். இன்றைக்கு ஏழாம் தரத்தில் இருக்கும் பிள்ளை, மாகாண சபைத் தேர்தல் எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறது.

இன்னொரு விசயம் எங்கள் பஸாரோடு சம்பந்தப்பட்டது. அம்பகமுவ கோரளை பிரதேச செயலகம் கினிகத்தேனையில் இருக்கிறது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்துக்கு ஒரே செயலகமாக நெடுங்காலம் இருந்தது. பொகவந்தலாவையிலிருந்து ஒரு அம்மா ஒரு கையொப்பத்துக்காக ஹட்டனில் பஸ் மாறி இங்கே வர வேண்டும். அன்றைக்கு அவருக்கு ஒரு பேர் போய்விடும். பெரியவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தாலோ ஒரு பிரதி குறைந்தாலோ மறுநாளும் ஒரு பேர். பிறகு நோர்வூட்டுக்குத் தனிச் செயலகம் வந்தது. பிரதேச சபையும் 2018இல் அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று மூன்றாகப் பிரிந்தது.

அப்போது எங்கள் பஸாரில் சிலர் முணுமுணுத்தார்கள். சனம் வராவிட்டால் போட்டோ கொப்பிக் கடைக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் வியாபாரம் எங்கே என்று. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, நானும் கடைக்காரர் மகள்தான். ஆனால் எங்கள் கடையில் அந்த அம்மா குடித்த பிளேன்டியின் விலை அவருடைய ஒரு நாள் சம்பளம் என்பதை நாங்கள் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அதுவும் அமையச் செலவுதான், கொடுத்தவர் அவர்.

தோட்டப் பக்கம் பிரதேச சபை ஏன் நெடுங்காலம் எட்டிப் பார்க்கவில்லை என்பதற்கும் சட்டத்தில் ஒரு காரணம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இடைஞ்சலாக இருந்தது. வாக்குப் போடலாம், ஆனால் அந்த வாக்கால் வந்த சபை லயத்துக்கு முன்னால் ஒரு பாதை போட்டுத்தர முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதற்கும் முதல் அந்த வாக்கே இல்லாமல் இருந்தார்கள். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 1948 பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் வாக்கும் போனது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. நாடற்றவர்களாக மிஞ்சி இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 வரை போனது. 'பிரஜை' என்ற சொல் எங்கள் புத்தகத்தில் ஒரு வரிதான். ஆனால் எங்கள் வகுப்பில் இருக்கும் சில பிள்ளைகளின் பாட்டிமார் அந்தச் சொல்லுக்காக அரை ஆயுள் காத்திருந்தவர்கள்.

இப்போது அந்தப் பிள்ளையிடம் வருகிறேன்.

நான் பிழை போட்ட அந்தப் பிள்ளை நன்றாகப் படித்தது. ஓ.எல். பாஸ், ஏ.எல்.இலும் நல்ல பெறுபேறு. டீச்சர் ஆகப் போகிறேன் என்று சொல்லிக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்தது. விண்ணப்பம் நிரப்ப என்னிடம்தான் வந்தது. முகவரி எழுதும் இடத்தில் பெயர், பிரிவு, தோட்டம், கினிகத்தேனை என்று எழுதியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. தபால் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகும். அங்கே ஒரு மூலையில் மற்றக் கடிதங்களோடு கிடந்தது. யாரும் வேண்டுமென்று வைத்திருக்கவில்லை, யாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்க நேரம் இருக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளையின் கைக்கு வந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து ஒன்பது நாள். கடித உறையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தது. நானும் கூடப் போனேன், பேசிப் பார்த்தேன். திகதி முடிந்ததுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பிள்ளை அழவில்லை. "அன்னிக்கே நீங்க கேட்டீங்க டீச்சர், வீட்டு நம்பர் என்னான்னு" என்று மட்டும் சொன்னது. என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அன்றைக்கு நான் பிள்ளைக்குப் பிழை போட்டேன். பிழை பிள்ளையின் கொப்பியில் இருக்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஏன் இலக்கம் இல்லை என்ற கேள்விதான் அன்றைய பாடமாக இருந்திருக்க வேண்டும். அந்த நிலம் யாருடையது, அங்கே யார் பாதை போட வேண்டும், தபால் யார் கொடுக்க வேண்டும், அந்த ஏற்பாட்டால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று புவியியலும் குடியுரிமையும் பொருளியலும் அந்த வெறும் இடத்துக்குள்ளேயே இருந்தன. பயிற்றப்பட்ட ஆசிரியை எனக்குத்தான் அது தெரியவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறது. திரும்ப விண்ணப்பிக்கச் சொன்னேன். வீட்டில் சம்பளம் தேவைப்பட்டது. இந்த வருடம் அதனுடைய தம்பி என் ஆறாம் தர வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

அதனால் இந்த வருடம் பாடத்தை மாற்றினேன். முகவரி எழுதச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் வழியை வரையுங்கள் என்றேன். பஸ் நிற்கும் இடம், பள்ளிவாசல், கோயில், பன்சலை, பீலி, கொழுந்து மடுவம், லயம் என்று எல்லாம் வந்தது. பிறகு ஒவ்வொரு லயத்திலும் வாசல்களை எண்ணி இலக்கம் போட்டார்கள். தம்பிக்காரன் தங்கள் காம்பராவுக்கு 7 என்று போட்டு இரண்டு தரம் சுற்றி வட்டம் வரைந்திருந்தான். அந்த இலக்கத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் சொன்னேன். "அப்ப யாரு போட்டா செல்லும் டீச்சர்?" என்று கேட்டார்கள். அடுத்த மூன்று பாடவேளையும் அந்தக் கேள்வியிலேயே போனது.

இனி ஊர் மக்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, பஸாரில் கடை வைத்திருக்கும் நானாமார், முதலாளிமார், மாத்தயாமாருக்கு. ஏ.எல். எழுதிய தோட்டப் பிள்ளைகள் உங்கள் கடையின் பெயரை மேற்பார்வை என்று போட்டுக் கடிதம் எடுக்க அனுமதி கேட்டால் மறுக்காதீர்கள். வாப்பா காலத்தில் எங்கள் கடை மேசை லாச்சியில் எப்போதும் ஏழெட்டுக் கடிதம் இருக்கும். வெளிநாடு போன பிள்ளைகளின் கடிதங்கள் அப்படித்தான் தாய்மாருக்குக் கிடைத்தன. வாட்ஸ்அப் வந்த பிறகு அந்த வழக்கம் விட்டுப்போனது. ஆனால் அரசாங்கக் கடிதம் இன்றும் தபாலில்தான் வருகிறது.

இரண்டு, பெற்றாருக்கு. பிள்ளை வந்து எங்கள் வட்டாரம் எது, எங்கள் பிரதேச சபை உறுப்பினர் யார், கரண்ட் பில் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், "போய்ப் படி" என்று விரட்ட வேண்டாம். அதுதான் படிப்பு. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, சேர்ந்து தேடுங்கள்.

மூன்று, தோட்டங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், தலைவர்மாருக்கும். பரீட்சைப் பெறுபேறு வந்த பிறகு வரும் மாதங்களில் மட்டுமாவது, அலுவலகத்துக்கு வரும் கடிதங்களை அன்றன்றைக்கே பிரிவுக்கு அனுப்ப ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். அதற்குப் பெரிய செலவு இல்லை.

மரக்கறிக் கடையில் என்னை மறித்த அந்த நானாவும் இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் மகளுக்குக் கணிதமும் இங்கிலீஷும் கட்டாயம் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு அவளுக்கு ஒரு கடிதம் வராமல் போனால், அது ஏன் வரவில்லை, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? நான் அன்றைக்குச் சொல்லாமல் வந்த பதில் இதுதான்.

இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, மேற்பார்வை முகவரி தர விரும்பும் கடைக்காரர்களின் பெயர்களை என் தம்பி பள்ளிவாசல் வாசலில் நின்று எழுதிக்கொள்வார். மற்றவர்கள் பாடசாலைக்கு வந்தோ இன்பொக்ஸிலோ சொல்லலாம். இதுவரை மூன்று கடைகள் சம்மதித்திருக்கின்றன. முதலாவது வாப்பாவின் கடை.